காரின் மேனி மங்கினால்: குறியைப் பார், பிறகு டப்பாவைத் திற

எதையும் வாங்குவதற்கு முன்னால் காரைக் கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிய நெகிழிப் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். சுத்தமான பை, நேற்று மீ கோரெங் தாப்பாவ் (பார்சல்) செய்துவந்த பை வேண்டாம். விரல் நுனியால் போனட்டை மெல்லத் தடவுங்கள். வெறுங்கைக்கு வழவழவென்று இருந்த இடம், பைக்குள்ளிருந்து தொடும்போது மணல்தாள் மாதிரி உரசினால், பெயிண்டின் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது நகம். கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல இழுங்கள். சிக்காமல் வழுக்கிப் போனால் கீறல் மேலோடுதான். சிக்கினால் ஆழம். மூன்றாவது வெள்ளைத் துணி. கதவின் கீழ் ஓரம் மாதிரி கண்ணில் படாத இடத்தில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்து, துணியில் காரின் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அங்கே கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) இல்லை; நிறத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த மூன்றும் ஒரே கேள்விக்குத்தான். கோளாறு பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா, பெயிண்டே போய்விட்டதா? முதலாவது கழுவினால் போகும். இரண்டாவது தேய்த்தால் போகும். மூன்றாவது நம் கையில் இல்லை. பினாங்கின் பிறை வட்டாரத்தில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நான் பார்த்தவரை, மேலே ஒட்டிய அழுக்குக்குக் காம்பவுண்ட் (பாலிஷைவிடக் கரடான தேய்ப்புப் பசை) போட்டுத் தேய்த்தவர்களும், உரிந்துபோன கூரைக்கு வேக்ஸ் வாங்கிக் கொட்டியவர்களும்தான் அதிகம்.

தேய்ப்பதில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று கேட்கலாம். தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். பெரும்பாலான கார்களில் இத்தனையும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70. முடியைவிட மெல்லிய அந்தப் படலத்தில்தான் பளபளப்பும் இருக்கிறது, வெயிலைத் தாங்கும் சக்தியும் இருக்கிறது. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தை இழைத்து எடுக்கிறோம். எடுத்தது திரும்ப வளராது.

தொட்டால் சொரசொரப்பு, வெள்ளைக் காரில் துருப் புள்ளிகள்

வெள்ளைக் காரின் பின்பக்கத்தில் மிளகாய்த்தூள் தூவியது போல ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால், தகடு துருப்பிடிக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் தொழிற்பேட்டையிலிருந்தும் பறந்துவந்த இரும்புத் துகள். பெயிண்டில் குத்தி உட்கார்ந்து, அங்கேயே துருப்பிடிக்கிறது.

இதற்கென்று இரும்பு நீக்கும் திரவம் விற்கிறார்கள். நிழலில், சூடு ஆறிய காரில் அடித்தால் சில நிமிடங்களில் ஊதா நிறமாக வழியும். நாற்றம் அழுகிய முட்டை நாற்றம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காயவிடாமல் அலசிவிடுங்கள். அதற்குப் பிறகும் சொரசொரப்பு மிச்சம் இருந்தால் கிளே பார். களிமண் உருண்டை மாதிரியான அதைத் தட்டையாக்கி, ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் தேய்க்க வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு அடங்கும். அடங்கினால் அந்த இடம் முடிந்தது. களிமண்ணை மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கீழே விழுந்த கிளேயை எடுத்துக் கழுவி மறுபடியும் பயன்படுத்தியவன் நான். பதினைந்து வெள்ளிப் பொருளை வீசுவதா என்று தோன்றியது. போர்ச் சிமெண்டுத் தரையின் மணல் ஒன்று அதில் மாட்டியிருந்தது. கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. விழுந்தால் வீசிவிடுங்கள்.

தார்ப் புள்ளிகளுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும். அந்த இடத்தில் இருந்த வேக்ஸும் சேர்ந்து போயிருக்கும், மறக்காமல் திரும்பப் போடுங்கள். மாமரத்தடியில் நிறுத்தினால் படிகிற பிசுபிசுப்பு பெரும்பாலும் மரத்துப் பால் இல்லை, மரத்திலிருக்கும் பூச்சிகள் விடுகிற இனிப்புக் கழிவு. புதிதாக இருக்கும்போது வெதுவெதுப்பான ஷாம்பு தண்ணீருக்கே போய்விடும்.

பறவை எச்சம் போன பிறகும் அதன் தடம்

மைனாவும் காக்கையும் இல்லாத தெரு பினாங்கில் இல்லை. எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. ஆனால் அமிலம் பாதிக் கதைதான். மதிய வெயிலில் போனட் சுடும்போது கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலை மழையில் தகடு குளிர்ந்ததும் கிளியர் கோட் சுருங்கி, காய்ந்த எச்சத்தின் வடிவத்தையே அச்சாகப் பிடித்துக்கொள்கிறது. எச்சத்தைக் கழுவிய பிறகு சாய்த்துப் பார்த்தால் தெரிகிற அந்த மங்கலான குழி இப்படி வந்ததுதான். அதனால்தான் இரவில் விழுந்து காலையில் துடைத்த எச்சம் தடம் விடாமல் போகிறது, பகல் பத்து மணிக்கு விழுந்து மாலை வேலை முடிந்து பார்க்கிற எச்சம் கதை முடித்துவிடுகிறது.

கார் பூட்டில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் டிஷ்யூவும் எப்போதும் இருக்கட்டும். டிஷ்யூவை நன்றாக நனைத்து எச்சத்தின் மேல் போர்த்தி ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். ஊறியதும் கிள்ளி எடுப்பது போல மேல்நோக்கி எடுங்கள். தேய்க்கவே கூடாது, எச்சத்தில் மணலும் விதையும் இருக்கும்.

தடம் விழுந்துவிட்டதா? முதலில் காரை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். லேசான தடமென்றால் சூட்டில் கிளியர் கோட் தளர்ந்து பாதி தானாகவே சமமாகிவிடும். மிச்சத்துக்கு மெல்லிய பாலிஷ், கையாலேயே, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும். விளிம்பு நகத்தில் சிக்குகிற ஆழமென்றால் அதோடு வாழப் பழகிக்கொள்வதே நல்லது. முழுசாக எடுக்கிறேன் என்று இழைத்தால் கிளியர் கோட் தீர்ந்து, சின்னத் தடம் இருந்த இடத்தில் பெரிய வெளிறல் வரும்.

காய்ந்த நீர்ப் பொட்டு

நம் குழாய்த் தண்ணீர் அப்படியொன்றும் கடினமானதல்ல. ஆனாலும் நண்பகலில் கழுவி அப்படியே காயவிட்டால் பொட்டு நிச்சயம். இதைவிட மோசமானது கொண்டோவின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் கூரையிலிருந்து சொட்டுவது. கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் அந்தச் சொட்டு, காய்ந்ததும் வெள்ளைப் பொருக்காகப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. துணியை நனைத்துப் பொட்டின் மேல் ஒரு நிமிடம் வைத்து, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். பொருக்கு தடித்திருந்தால் சுரண்டாமல் இரண்டு மூன்று தடவை இதையே செய்யுங்கள். வினிகருக்கு மசியாமல் வட்டத் தழும்பு நின்றால் உள்ளே இறங்கிவிட்டது. அது பாலிஷ் வேலை.

திருவிழாவுக்குப் பிறகு

இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, நம் வீடுகளில் நடக்கிற விஷயம். புதுக் காருக்குப் பூசை போட்டு போனட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஈரக் குங்குமம் வெள்ளைப் பெயிண்டில் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தால், சாயம் இறங்கி இளஞ்சிவப்பு வட்டம் நிற்கும். கிளியர் கோட் கெட்டியாக இருந்தாலும் சாயத்துக்கு எப்படியோ வழி கிடைத்துவிடுகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒற்றினால் பெரும்பகுதி வரும், மிச்சத்துக்குத் துளி பாலிஷ். மஞ்சள் கறைக்குக் கவலை வேண்டாம், வெயிலே வெளுத்துவிடும். சக்கரத்தில் வைத்து நசுக்கும் எலுமிச்சையின் சாறு பம்பரில் தெறித்தால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "காடி நெத்தி வெறுமையா இருக்கக் கூடாதுப்பா" என்றார். முன்கண்ணாடியின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனோம். கண்ணாடிக்குக் குங்குமம் ஒன்றும் செய்யாது.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ரதம் வரும் தெருவோரம் நிறுத்தியவர்களுக்கு வேறு சிக்கல். சிதறு தேங்காய்த் தண்ணீர் கதவெல்லாம் தெறித்து, காய்ந்து, சர்க்கரைப் பாகு மாதிரி பிசுபிசுக்கும். சின்னச் சின்னச் சிரட்டைத் துணுக்குகளும் அதில் ஒட்டியிருக்கும். துணியை வைத்தால் துணுக்கு கோடு போடும். முதலில் குழாயால் பீய்ச்சி இறக்குங்கள். சீனர்களின் பேய் மாதத்தில் காகிதம் எரித்த சாம்பல் வந்து படிவதற்கும் இதே மருந்துதான். சாம்பலைக் கோழி இறகுத் துடைப்பத்தால் தட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

விளக்கு வெளிச்சத்தில் சிலந்தி வலை

கறுப்புக் கார் வைத்திருப்பவர்களின் பெரிய துக்கம் இது. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் பெட்ரோல் நிலைய விளக்கடியில் நின்றால், வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்கள். உண்மையில் அவை வட்டமே இல்லை. எல்லாப் பக்கமும் ஓடும் ஆயிரக்கணக்கான நுண்கோடுகளில், விளக்குக்கு ஏற்ற கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால் நமக்கு வட்டமாகத் தெரிகின்றன. கைப்பேசி டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

இவை பெரும்பாலும் கழுவும்போதே வருகின்றன. தூசியோடு உலர்ந்த துணியால் துடைப்பது, பத்துக் கார் துடைத்த அதே துணி, கீழே விழுந்த ஸ்பாஞ்ச். என் பழைய கறுப்பு மைவி காருக்கு ஒருமுறை கடையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மழைக்குப் பிறகு அவர்கள் நிரப்பியிருந்த எண்ணெய் கழுவிப்போய், மெஷின் சுழன்ற தடமெல்லாம் மயில்தோகை மாதிரி தெரிந்தது. அந்தக் கோபத்தில்தான் நானே கற்றுக்கொண்டேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: சிலந்தி வலையைக் கையால் தேய்த்து எடுக்க முடியாது. மறைக்கலாம், கொஞ்சம் குறைக்கலாம். எடுக்க மெஷின் வேண்டும். வீட்டுக்கு வாங்குவதென்றால் டியூவல் ஆக்‌ஷன் பாலிஷர். அது சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் சூடு ஓரிடத்தில் குவியாது. பழகாத கைக்கும் பெயிண்டை எரிக்கும் பயம் குறைவு. பட்டறையில் இருக்கும் ரோட்டரி ஒரே அச்சில் சுழல்வது. வேகமாக வெட்டும், அதே வேகத்தில் எரித்தும் விடும்.

காலை ஏழரைக்குத் தொடங்குங்கள், பத்தரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தகட்டில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. கறுப்பு நெகிழிப் பாகங்கள், ரப்பர், கூர்மையான மடிப்புகள், கதவு விளிம்புகள் எல்லாவற்றுக்கும் மறைப்பு நாடா ஒட்டுங்கள். மடிப்பிலும் விளிம்பிலும் பெயிண்ட் மெல்லியது, முதலில் தேய்ந்து போவது அங்கேதான்.

பிறகு ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். மிருதுவான ஃபோம் பேட், மெல்லிய பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினை ஓட்டுவதற்கு முன்பே பேடைத் தகட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சட்டையெல்லாம் பாலிஷ். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, ஆறில் நான்கு, ஐந்துக்கு ஏற்றி, ஒரு நொடிக்கு ஓர் அங்குலம் என்று நகர்த்துங்கள். பாதிப் பாதி மேலேறும்படி நெடுக்கிலும் குறுக்கிலுமாக நான்கு சுற்று. துடைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து தெளித்து இன்னொரு முறை துடையுங்கள். இந்த இரண்டாவது துடைப்பை விடவே விடாதீர்கள். பாலிஷ் எண்ணெய் கீறலை நிரப்பிப் பொய் சொல்லும். ஆல்கஹால் எண்ணெயை எடுத்த பிறகுதான் உண்மை முகம் தெரியும். என் மைவி விஷயத்தில் அந்தக் கடை விட்டது இதைத்தான்.

டார்ச் அடித்துப் பாருங்கள். பத்தில் எட்டுக் கீறல் போயிருந்தால் அதே கூட்டணியில் முழுக் காரையும் முடியுங்கள். போகவில்லையென்றால் பாலிஷை மாற்றாமல் பேடை மட்டும் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் காம்பவுண்ட். மிச்சம் நிற்கும் ஒன்றிரண்டு ஆழக் கோடுகளைத் துரத்தாதீர்கள். மேட் பெயிண்ட் கார் என்றால் இந்தப் பகுதி முழுவதையும் மறந்துவிடுங்கள். தேய்த்த இடம் மினுங்கிப்போகும், திரும்ப மேட் ஆகாது.

நிறமே வெளிறி, தொட்டால் சுண்ணாம்பு

அப்பாவின் சிவப்பு புரோட்டோன் சாகா கடைசி ஆண்டுகளில் ரோஸ் நிறமாகிவிட்டது. விரலால் தொட்டால் விரல் நுனியில் பொடி. கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சுப் பெயிண்டின் குறி இது. வெயிலில் மேற்பரப்பு உக்கிப் பொடியாகிறது, கீழே நல்ல நிறம் இன்னும் இருக்கிறது. அவருடைய பழைய வெள்ளைப் பனியன் ஒன்றை மடித்து, காம்பவுண்ட் வைத்துக் கூரையைத் தேய்க்க உட்கார்ந்தேன். நாலு இழுப்பில் பனியன் முழுக்கச் சிவப்பு. துணி துவைக்கும் இடத்தில் அதைப் போட்டுவிட்டு வந்தேன். அம்மா பார்த்துவிட்டு எனக்கு எங்கே வெட்டுப்பட்டது என்று அலறிக்கொண்டு வந்தார்.

நிறம் துணியில் ஏறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் அளவு தெரிந்து நிறுத்த வேண்டும். பொடி நின்று நிறம் திரும்பியதும் போதும். விளிம்புகளில் சாம்பல் பிரைமர் எட்டிப் பார்த்தால் தாண்டிவிட்டீர்கள். ஒற்றைப் பூச்சுப் பெயிண்டுக்கு உடனே வேக்ஸ் போடாவிட்டால் சீக்கிரமே திரும்ப வெளிறத் தொடங்கும்.

கூரையிலும் போனட்டிலும் தோல் உரிவது

வெள்ளைத் திட்டு, அதன் ஓரத்தில் காய்ந்த பசை மாதிரி மடங்கி நிற்கும் சருகு. கிளியர் கோட் செத்துவிட்டது. பாலிஷ், வேக்ஸ், தேங்காய் எண்ணெய், இணையத்தில் காட்டுகிற எதுவும் உதவாது. எண்ணெய் பூசினால் ஒரு நாள் மறையும், மறுநாள் தூசி அப்பும். பட்டறைச் சீன அங்கிள் ஒரே பார்வையில் கையை ஆட்டி, "தா போலே லா" (முடியாது) என்று முடித்துவிட்டார். அந்தப் பாகத்தை மட்டும் இழைத்து மறுபூச்சு அடிப்பதுதான் வழி. கெட்டியாக்கி கலந்த இரட்டைக் கலவைக் கிளியரைப் போர்ச்சில் நின்று அடிக்காதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, சாதாரண முகக்கவசம் தடுக்காது. அதே நிறம் அடித்தால் வேறு வேலை இல்லை. நிறத்தையே மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவிலும் மாற்ற வேண்டும்.

பெயிண்ட் உரியாமல் கொப்பளித்தால் அடியில் துரு. தீவில் கடலோரம் குடியிருப்பவர்கள் இதை அதிகம் பார்ப்பார்கள். உப்புக் காற்று நல்ல பெயிண்டை ஒன்றும் செய்வதில்லை. கல் தெறித்துத் தகடு தெரிகிற புள்ளி கிடைத்தால்தான் உள்ளே நுழைகிறது. பிளஸ் நெடுஞ்சாலையில் ஈப்போ போய்வந்த பிறகு போனட் முனையைப் பாருங்கள். தகடு தெரிந்தால் அந்த வாரமே ஆல்கஹாலால் துடைத்து, பல்குச்சி முனையில் முதலில் பிரைமர், பிறகு நிறம், பிறகு கிளியர், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. தீட்டாதீர்கள், பொட்டு வையுங்கள். நிறக் குறியீடு கதவுச் சட்டத்திலோ இஞ்சின் அறையிலோ ஒட்டியிருக்கும். 'சிவப்பு' என்று கேட்டு வாங்கினால் எந்தச் சிவப்பும் பொருந்தாது.

மழைத் தண்ணீர் முத்தாக நிற்கவில்லை

வேக்ஸ் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் அதன் மேல் அழுக்குப் படிந்திருப்பதுதான் காரணம். நன்றாக ஷாம்பு போட்டுக் கழுவிப் பாருங்கள். முத்து திரும்பினால் வேக்ஸ் உயிரோடு இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டிருந்தால் நீங்களே அதைக் கழுவி எடுத்திருக்கிறீர்கள்.

எதைப் போடுவது என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. கார்னாபா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து வருவது. சிவப்பு, கறுப்புக் கார்களுக்கு அது தருகிற ஈர மினுமினுப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றரை மாதம் தாண்டினால் அதிர்ஷ்டம். செயற்கை சீலண்ட் நான்கைந்து மாதம் ஓடும். திறந்த வெளியில் நிற்கும் காருக்கு என் ஓட்டு அதற்குத்தான். செராமிக் கோட்டிங் ஆண்டுக் கணக்கில் நிற்கும். ஆனால் அடியில் இருக்கும் கீறலையும் சேர்த்துப் பூட்டிவிடும், எனவே பாலிஷ் வேலை முழுசாக முடிந்திருக்க வேண்டும். போட்ட பிறகு குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. எந்தக் கோட்டிங்கும் பறவை எச்சத்தை மன்னிக்காது. துடைக்கக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் தரும், அவ்வளவுதான்.

செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் ஒரு நாள் முழுக்க மழை இல்லாமல் கிடைப்பது கஷ்டம். நான் ஜனவரி கடைசியில், வறண்ட காலத்தில் போடுகிறேன்.

வேக்ஸைத் தடிமனாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு என்பது தப்பு. தடிமனாகப் பூசி வெயிலில் காயவிட்டால் துடைக்கவே வராமல் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் அதன் மேலேயே புதிதாகக் கொஞ்சம் வேக்ஸ் தடவி உடனே துடையுங்கள், பழையது இளகி வந்துவிடும். கறுப்பு நெகிழிப் பட்டையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்ட வேக்ஸுக்குப் பள்ளிக்கூடத்து ரப்பர் அழிப்பானால் மெல்லத் தேயுங்கள், போய்விடும். மகளிடம் கேட்டு வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அது கறுத்துவிடும்.